கட்டியங்காரனாக வந்த யோவான்: தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் வாழ்வும் இசையும்

(ஜலகண்டாபுரத்தில் இலக்கிய அன்பர்கள் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில் தேவாலயத்துக்குப் பாட்டுக் கட்டி, பிற்பாடு உலகம் மறந்துவிட்ட ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஏராளம். ஆனால் அவ்வளவு தூரம் போவானேன்? இங்கிருந்து இருநூறு கிலோமீட்டர் சொச்சத்தில் தஞ்சாவூர் இருக்கிறது. அங்கே ஒருவர் தொண்ணூறு வயதைத் தொடும்வரை வாழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களைப் பாடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். இன்று அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அவர் பிறந்தது 1774 செப்டம்பர் 7. இந்த ஆண்டைக் கொஞ்சம் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சியாமா சாஸ்திரிகள் பிறந்தது 1762. தியாகராஜர் 1767. முத்துசுவாமி தீட்சிதர் 1770-களின் நடுவில். ஆக, சங்கீத மும்மூர்த்திகள் வாழ்ந்த அதே காலம், அதே காவிரிக் கரை. திருவையாறும் தஞ்சாவூரும் ஒரு நடை தூரம். ஒரே அரசரின் ஆட்சி. ஆனால் சங்கீத வரலாறு எழுதுகிறவர்கள் தஞ்சாவூர் என்றால் மும்மூர்த்திகளைச் சொல்வார்கள், பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரைச் சொல்வார்கள், அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். பெயர் தெரிந்த சிலரும் அவரை 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' பாடிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். பிள்ளைவாள் 1826-இல் பிறந்தவர், முன்சீப் வேலை பார்த்தவர், கத்தோலிக்கர். நம்மவர் அரை நூற்றாண்டு மூத்தவர், சீர்திருத்த சபைக்காரர்.

அரசகுமாரனும் புலவர் மகனும்

சாஸ்திரியார் என்றதும் அந்தணர் என்று எண்ணிவிட வேண்டாம். திருநெல்வேலிச் சீமை வேளாளர் குடும்பம். சைவராக இருந்த தந்தையார், புலவர் அருணாசலம், கிறித்தவராகித் தேவசகாயம் ஆனார். 1785-இல் ஜெர்மானியக் குருவானவர் சுவார்ட்ஸ் ஐயர் திருநெல்வேலிப் பக்கம் வந்தபோது, இந்தப் பையனின் சூட்டிகையைப் பார்த்து, படிக்க வைக்கிறேன் என்று தம்மோடு தஞ்சைக்கு அழைத்துப் போனார். பையனுக்குப் பன்னிரண்டாவது வயது நடந்துகொண்டிருந்தது.

சுவார்ட்ஸ் ஐயரின் கையில் வளர்ந்த இன்னொரு பிள்ளையும் உண்டு. துளஜா மன்னர் தத்தெடுத்த சரபோஜி. சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தெடுத்து, அறுவை மருத்துவமும் அச்சுக்கூடமும் தஞ்சைக்குக் கொண்டுவந்த அதே சரபோஜி மன்னர்தான். அரசகுமாரனும் புலவர் மகனும் ஒரே ஆசானிடம் பாடம் கேட்டார்கள். பிறகு வேதநாயகம் தரங்கம்பாடிக்குப் போய் அங்கிருந்த மிஷனரிகளிடம் வேதசாஸ்திரம், கணிதம், வானநூல், உடற்கூற்றியல் எல்லாம் படித்தார். பத்தொன்பது இருபது வயதில் தஞ்சை மிஷன் பள்ளிக்குத் தலைமை ஆசிரியரானார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். மற்ற வேளைகளில் பாட்டு.

இந்த இரு மாணவர்களும் பின்னாளில் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. சரபோஜி மராத்தியில் 'தேவேந்திரக் குறவஞ்சி' எழுதினார். அதில் குறத்தி உலகப் பூகோளம் சொல்கிறாள். கண்டங்கள், நாடுகள், கடல்கள் எல்லாம் வருகின்றன. வேதநாயகர் தமிழில் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். அதிலும் பூகோளமும், சூரியனை நடுவில் வைத்த புதிய வானநூலும் உண்டு. ஆசான் வகுப்பில் உலகப் படத்தை விரித்துக் காட்டியது, இரண்டு பேருக்கும் குறத்தியின் வாய்வழியாக வெளியே வந்திருக்கிறது. ஐரோப்பியப் படிப்பைச் சொல்வதற்கு அவர்கள் தேடிப் பிடித்தது ஐரோப்பியப் பெட்டி அல்ல, குறத்தியின் கூடை.

குறவஞ்சிக்குள் பெத்லகேம்

பெத்லகேம் குறவஞ்சியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கூத்து பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

குறவஞ்சி என்றால் அதற்கு ஒரு வாய்பாடு உண்டு. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை நீங்கள் படித்திருப்பீர்கள். முதலில் கட்டியக்காரன் வருவான். தலைவன் உலா வருகிறான் என்று அறிவிப்பான். தலைவி வருவாள், பந்தாடுவாள், உலாவைப் பார்ப்பாள், மையல் கொள்வாள். நிலவையும் மன்மதனையும் நொந்துகொள்வாள். குறத்தி வருவாள். தன் மலைவளம் சொல்லி, கை பார்த்து, நினைத்தவன் வந்து சேருவான் என்று குறி சொல்லிப் பரிசு வாங்குவாள். கடைசியில் குறவன் சிங்கன், கண்ணி வைத்துப் பறவை பிடித்துக்கொண்டே காணாமற்போன சிங்கியைத் தேடி வருவான். இருவரும் சேர நாடகம் முடியும்.

இந்த வாய்பாட்டில் சாஸ்திரியார் எதையும் உடைக்கவில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் விவிலியத்திலிருந்து ஓர் ஆளைத் தேடி உட்கார வைத்தார். உலா வரும் தலைவன் பெத்லகேமில் பிறந்த இயேசு. மையல் கொள்ளும் தலைவி தேவமோகினி. சீயோன் குமாரத்தி, அதாவது திருச்சபை. குறி சொல்லும் சிங்கி விசுவாசம். சிங்கன் குருவானவர். சிங்கனுக்கு எடுபிடியாக வரும் நூவன் உபதேசியார். விரிக்கிற வலை சுவிசேஷம். பிடிபடுகிற பறவைகள் மனித ஆத்துமாக்கள்.

கட்டியக்காரன் யார்? யோவான் ஸ்நானகன்.

இந்த ஒரு இடத்துக்காகவே அவருக்கு மாலை போடலாம். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? ராஜா மேடைக்கு வருவதற்கு முன்னால் வருகிறான். கைத்திரை பிடித்திருக்கும்போது இந்தப் பக்கம் நின்று, வருகிறவர் யார் என்று கேட்டுச் சனங்களுக்கு அறிமுகப்படுத்துகிறான். உடுப்பு ஒரு தினுசு, பேச்சு ஒரு தினுசு. ராஜாவையும் கேலி செய்வான், சபையையும் கேலி செய்வான். யாருக்கும் பயப்பட மாட்டான். யோவானும் அப்படித்தான். ஒட்டக மயிரை உடுத்தி, வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் தின்று, வனாந்தரத்தில் நின்றவர். பின்னால் ஒருவர் வருகிறார் என்று அறிவித்தவர். ஏரோது ராஜாவை முகத்துக்கு நேரே கண்டித்துத் தலையைக் கொடுத்தவர். விவிலியத்தைக் கரைத்துக் குடித்தவர் பலர் இருந்தார்கள். கூத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் அதைவிடப் பலர். இரண்டையும் குடித்த ஒருவருக்குத்தான் அந்த யோவானும் இந்தக் கட்டியங்காரனும் ஓராள் என்பது தெரியும்.

குறவஞ்சியோடு அவர் நிற்கவில்லை. ஞான நொண்டி நாடகம், ஞானவுலா, சாஸ்திரக் கும்மி, பராபரன் மாலை, ஜெபமாலை, ஞான ஏற்றப்பாட்டு என்று பட்டியல் நீள்கிறது. நொண்டி நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருடிப் பிழைத்தவன் ஒருவன் பிடிபட்டுக் கால் இழந்து, பிறகு தெய்வத்தின் அருளால் கால் பெற்று, தன் கதையைத் தானே சொல்லி அழுவது அதன் அமைப்பு. முருகன் பேரில் திருச்செந்தூர் நொண்டி நாடகம் உண்டு. முஸ்லிம் வள்ளல் பேரில் சீதக்காதி நொண்டி நாடகம் உண்டு. மனந்திரும்பிய பாவியின் கதையைச் சொல்ல ஒரு கிறித்தவக் கவிஞனுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறு எங்கே கிடைக்கும்? ஏற்றப்பாட்டும் அப்படித்தான். மோட்டார் வருவதற்கு முன்பு நம் தாத்தாக்கள் கிணற்று மேட்டில் பாடினார்களே, எத்தனை சால் இறைத்தோம் என்கிற கணக்குப் பாட்டிலேயே ஓடும், அந்தப் பாட்டு. அரண்மனை வித்துவான்கள் தொடாத வடிவத்தை, அரண்மனை வாசல் தெரிந்த ஒருவர் தொட்டார்.

மெட்டு யாருடையது?

இங்கேதான் ஐரோப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் அங்கே தேவாலயத்துக்குப் பூசைப்பாடல் அமைத்தவர்கள் சந்தைப் பாட்டையும் காதல் பாட்டையும் அடிமெட்டாக எடுத்துக்கொண்டார்கள். ஆயுதம் தரித்த ஒரு மனிதனைப் பற்றிய பிரெஞ்சுப் பாட்டு ஒன்று. அந்த ஒரே மெட்டின் மேல் நாற்பதுக்கும் மேற்பட்ட பூசை இசைகள் கட்டப்பட்டன. ஜோஸ்கின் கட்டினார், பாலஸ்திரினாவும் கட்டினார். சபை மேலிடத்துக்கு இது உறுத்தியது. திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கம் 1562-இல், சிற்றின்ப வாடை அடிக்கும் இசை ஆலயத்துக்குள் கூடாது என்று தீர்மானித்தது. தெய்வத்தின் முன்னால் தெருவின் மெட்டு நிற்கலாமா என்ற கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல.

தஞ்சையிலும் அந்தக் கேள்வி எழுந்தது. சாஸ்திரியார் காலத்துச் சபைகளில் வழிபாட்டில் பாடியவை ஞானப்பாட்டுகள். ஜெர்மன் பாட்டுகளைத் தமிழில் பெயர்த்து, ஜெர்மன் மெட்டிலேயே பாடினார்கள். பாப்ரிசியஸ் ஐயர் போன்றவர்கள் பக்தியோடு உழைத்துச் செய்த மொழிபெயர்ப்புகள்தான். ஆனால் தமிழ்ச் சொல்லின் குறில் நெடில் ஒரு பக்கம் இழுக்க, அந்த மெட்டு இன்னொரு பக்கம் இழுக்கும். கீர்த்தனை மெட்டுகளோ கோயிலையும் தேவதாசிகளின் ஆட்டத்தையும் நினைவூட்டுகின்றன என்று பல மிஷனரிகள் ஒதுக்கினார்கள். ஆகவே சாஸ்திரியாரின் பாட்டுகள் நெடுங்காலம் ஆலயத்துக்கு வெளியே வாழ்ந்தன. கலியாண வீட்டிலும், பண்டிகை நாளிலும், கதாகாலட்சேப மேடையிலும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டுக்கோப்பில், நடுவே கதை சொல்லி, மறுபடி பாடி, இரவு முழுவதும் ஓடும் காலட்சேபம். மகள் ஞானதீபமும் நல்ல பாடகி, கவிஞர்.

ஆலயத்துக்குள் அந்தப் பாட்டுகளுக்குப் பெரிய வழி திறந்துவிட்டவர் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப். தமிழர்களின் வாயில் எந்தப் பாட்டு நிற்கிறது என்று கவனித்தவர் அவர். 1853-இல் அவர் அச்சிட்ட கிறித்தவக் கீர்த்தனைப் புத்தகத்தில் சாஸ்திரியாரின் பாடல்களுக்குப் பெரும் பங்கு. அப்போது சாஸ்திரியாருக்கு எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வயது. அந்தப் புத்தகத்தின் பேரப் பிள்ளைகள்தான் இன்று பல சபைகளில் புழங்கும் கீர்த்தனைப் புத்தகங்கள். கிறித்தவக் கலியாணத்துக்குப் போயிருக்கிறீர்களா? கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று மங்களம் பாடுவார்கள். அது அவர் பாட்டு. பாடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

கசப்பான பக்கம்

இதுவரை சொன்னதெல்லாம் கைதட்டத் தக்கவை. இனிச் சொல்லப் போவது அப்படியல்ல. ஆனால் இதை மறைத்துவிட்டுப் போனால் அது சொற்பொழிவு ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

1820-களில் புதிய தலைமுறை மிஷனரிகள் தஞ்சைக்கு வந்தார்கள். சுவார்ட்ஸ் ஐயரின் நிதானம் அவர்களிடம் இல்லை. வேதப்புத்தகத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பை மாற்ற முனைந்தார்கள். பண்டிகைக்கும் கலியாணத்துக்கும் பூமாலை கூடாது என்றார்கள். கீர்த்தனை பாடுவதைத் தடுத்தார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரக் கூடாது, திருவிருந்தில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் பங்கு பெற வேண்டும் என்றார்கள். 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் அதையே கண்டிப்பான ஆணையாகப் பிறப்பித்தார்.

சாஸ்திரியார் எல்லாவற்றையும் எதிர்த்தார். பாட்டைத் தடுத்ததை எதிர்த்தார். பூவைத் தடுத்ததை எதிர்த்தார். மொழிபெயர்ப்பை மாற்றியதை எதிர்த்து, 'புதுத்திருத்தலின் கூக்குரல்' என்றே ஒரு நூல் எழுதினார். சாதியை விடச் சொன்னதையும் எதிர்த்தார். அதற்கும் நூல் எழுதினார். 'சாதி திருத்தலின் பைத்தியம்' என்று பெயர் வைத்தார். வேளாளரும் ஒடுக்கப்பட்டோரும் ஒரே பாயில் உட்காருவதை அவரால் ஏற்க முடியவில்லை. இந்தச் சண்டையில், ஆயரின் ஆணைக்கு முன்பே, மிஷன் உத்தியோகம் போயிற்று. பழைய பள்ளித்தோழர் சரபோஜிதான் அரண்மனைக் கவிராயராக வைத்து ஆதரித்தார். அங்கேயும் அவர் வளையவில்லை. மன்னர் தம் தெய்வத்தின் மேல் பாடக் கேட்டபோது மறுத்துவிட்டார் என்று அவர் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். நெஞ்சுரத்தில் குறையில்லை. அந்த நெஞ்சுரத்தின் ஒரு பாதி பாட்டுக்காக நின்றது, மறுபாதி தீண்டாமைக்காக நின்றது என்பதுதான் துயரம்.

வழக்கத்தோடு சாதியும் ஒட்டிவரும் இந்தச் சிக்கல் அவரோடு தொடங்கியதும் அல்ல. 1623-இல் தத்துவ போதகர் என்ற ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து கிளம்பி நம் சேந்தமங்கலம், சேலம் வரை வந்தார். காவி உடுத்தி, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் கற்று, இந்நாட்டுத் துறவியாகவே வாழ்ந்தவர். இந்த மண்ணின் வழக்கங்களை மதித்த முதல் ஐரோப்பியக் குருமார்களில் ஒருவர். அந்த மதிப்போடு சாதியையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார். நொபிலிக்கு இருநூறு ஆண்டு கழித்துச் சாஸ்திரியாருக்கும் அதே முடிச்சு. 'எங்கள் வழக்கம்' என்ற ஒரே பையில் கீர்த்தனையும் இருந்தது, தனி வரிசையும் இருந்தது. பையைத் திறந்து பிரித்தெடுக்க அவர் மறுத்தார். மிஷனரிகளும் பிரிக்கவில்லை. சாதியைத் தூக்கி எறியும் வேகத்தில் பாட்டையும் சேர்த்து எறியப் பார்த்தார்கள்.

ஜலகண்டபுரம் ப. கண்ணன் என்று ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சுமந்த நாடகாசிரியரைத் தந்த ஊர் இது. திராவிட இயக்க மேடையில் நாடகத்தைக் கேள்வி கேட்கும் கருவியாக்கியவர் அவர். அந்த ஊரில் நின்றுகொண்டு, சாஸ்திரியாரின் சாதிப் பிடிவாதத்துக்குக் காலம் அப்படி என்று சப்பைக்கட்டு கட்ட எனக்கு மனமில்லை. அதே காலத்தில் அதே தஞ்சையில், ஒரே பாயில் உட்காரக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தான்.

ஏன் மறந்தோம்?

அப்படியானால் அவர் மறக்கப்பட்டது சாதிப் பிடிவாதத்தாலா? இல்லை. அதைவிட எளிய காரணங்கள் உண்டு. கச்சேரி உலகத்துக்கு அவர் பாடிய தெய்வம் அந்நியம். திருச்சபைக்கு அவர் பாடிய வடிவம் நெடுங்காலம் அந்நியம். இரண்டு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்திருந்தார், இரண்டு வீட்டுக்குள்ளும் யாரும் கூப்பிடவில்லை.

இன்னொரு காரணம் இசை சார்ந்தது. பாலஸ்திரினாவின் இசை தாளில் எழுதி அச்சில் ஏறியது. நானூறு ஆண்டு கழித்தும் எடுத்துப் பாடலாம். தியாகராஜருக்கு உமையாள்புரம், வாலாஜாபேட்டை, தில்லைஸ்தானம் என்று சீடர் மரபுகள் வாய்த்தன. கீர்த்தனைகளைக் காதோடு காதாகக் கொண்டுவந்தார்கள். சாஸ்திரியாருக்கு வாய்த்தவர்கள் அவர் குடும்பமும் சபைச் சனங்களும். பாட்டின் தலைமாட்டில் இன்ன ராகம், இன்ன தாளம் என்று அச்சில் இருக்கும், சுரம் இருக்காது. ஆலயத்தில் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் பாடும்போது கமகம் தேய்ந்துவிடும். ஆர்மோனியம் வந்ததும் இன்னும் தேய்ந்தது. மேலே ஒரு ராகப் பெயர் இருக்க, பாடுவது வேறொன்றாக இருக்கும். முப்பது சரணம் பாடிய இடத்தில் மூன்று சரணத்தோடு முடித்துக்கொள்வார்கள். குறவஞ்சியும் நொண்டி நாடகமும் ஆடவேண்டியவை. அவற்றை ஆலயத்தில் ஆட முடியாது, வெளியே ஆட ஆளில்லை. படிக்கிற நூலாகிப் படுத்துவிட்டன.

1864 சனவரி 24 அன்று அவர் தஞ்சையில் காலமானார். தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்தில் உள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்துக்குப் போனால், மரணப்படுக்கையில் கிடக்கும் சுவார்ட்ஸ் ஐயரின் கையைச் சரபோஜி பற்றிக்கொண்டிருக்கும் பளிங்குச் சிற்பத்தைப் பார்க்கலாம். மன்னர் இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மனைக்கொண்டு செய்வித்தது. ஆசானும் அரச மாணவனும் கல்லில் நிற்கிறார்கள். இன்னொரு மாணவன் பாட்டில் நிற்கிறான். கல்லைப் பார்த்துக்கொள்ள ஆளிருக்கிறது.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது ஒன்றுதான். குறவஞ்சி சைவத்துக்கு மட்டும் சொந்தமில்லை, நொண்டி நாடகம் எந்த மதத்துக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலமில்லை. தமிழ் வடிவங்கள் யார் எடுத்துப் பாடினாலும் இடங்கொடுக்கும். அதை நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களால் நிரூபித்தவர் சாஸ்திரியார். தம் பாட்டு எல்லோருக்கும் இடங்கொடுத்ததைப் போல, தாம் இடங்கொடுக்காமற் போனார். அவர் பாட்டை நாம் அவரைவிடத் தாராளமாகப் பாட முடியும்.

இங்கே கூத்து ஜமா நடத்துகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பெத்லகேம் குறவஞ்சி அச்சில் கிடைக்கிறது. கட்டியங்காரன் வேடம் கட்டுகிறவர் யோவானாக வந்து சபையைக் கேலி செய்து, வருகிறவர் யார் என்று கைத்திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க வேண்டும். சிங்கனும் சிங்கியும் எந்தச் சாதிக்காரர் என்று கேட்காமல் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அடுத்த மாசித் திருவிழாவுக்கோ கிறிஸ்துமசுக்கோ, எதற்கு வைத்தாலும் சரி. தேதி குறித்துச் சொல்லுங்கள், முதல் வரிசையில் உட்கார நான் வருகிறேன்.